கேள்வி – பதில்: கிருமியின் வாலும் அதை ஆளும் மரபணுக்களும்

சென்ற இதழில் உணவுவழிப் பரவும் நோய்களைப் பற்றி எழுதியபோது, "நோய்க்கிருமிகளில் சில நீந்தும், சில நீந்தா, அதைத் தீர்மானிப்பவை அவற்றின் மரபணுக்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு பொருளுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறேன். செய்முறை வகுப்பில் இரண்டு சோதனைக்குழாய்களில் இருந்த இளகிய அகர்க் கூழில் ஊசியால் குத்தி, ஒன்றில் ஈ கோலையையும் மற்றொன்றில் ஷிகெல்லாவையும் இட்டோம். மறுநாள் முதல் குழாய் முழுவதும் மங்கலாகியிருந்தது. இரண்டாவதில் ஊசி சென்ற கோடு மட்டும் வெள்ளையாக நின்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இனம் என்று ஆசிரியர் கூறினார். அப்படியானால் ஷிகெல்லாவிடம் இல்லாதது என்ன?
– மாணவர், ஈசூன்

குத்திய கோட்டை விட்டு விலகிப் பரவியிருந்த அந்த மங்கல், ஈ கோலை இரவு முழுவதும் நீந்திய தடம். அந்தக் கூழில் அகரின் அளவு அரை விழுக்காட்டுக்கும் குறைவு; நீந்தத் தெரிந்த கிருமி அதன் இடுக்குகளில் புகுந்து செல்லும், தெரியாதது பிறந்த இடத்திலேயே பெருகி நிற்கும். (நோன்பு துறக்கும் வேளையில் நம் வீடுகளில் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கப்படும் கடற்பாசியும் இந்த அகரும் ஒன்றே, பெயரும் மலாய்ச் சொல்தான். ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் கோடையில் உருகித் தொல்லை கொடுத்தபோது, அங்குப் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ 1881-இல் அகரைப் பயன்படுத்தச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடமிருந்து அவர் கற்றிருந்த சமையல் நுணுக்கம் அது. நம் வட்டாரத்து அடுப்படியிலிருந்து நுண்ணுயிரியலுக்குப் போன பொருள் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்.)

ஈ கோலையை நகர்த்துவது கசையிழை என்னும் நீண்ட வால். சவுக்கைப் போல அது வீசப்படுவதில்லை. கப்பலின் உந்துசுழலியைப் போல அடியோடு சுழல்கிறது. இதை 1974-இல் சில்வர்மன், சைமன் என்னும் இருவர், கிருமியின் வாலைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக் காட்டினார்கள். வால் சுழல முடியாமல் போனதால் கிருமியின் உடல் பம்பரமாகச் சுற்றியது. வாலின் அடியிலுள்ள மோட்டார், செல்லின் உறைக்கு வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்களின் விசையில் நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும்.

இந்த வாலைக் கட்டவும் அதை இயக்கவும் ஏறத்தாழ 50 மரபணுக்கள் தேவைப்படுகின்றன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதில்லை என்பதே உங்கள் கேள்விக்கான பதிலின் முதல் பாதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி எழும் இடத்தில் அடித்தளம் முடியுமுன் சாளரக் கண்ணாடிகள் வந்து இறங்குவதில்லை அல்லவா? முதலில் எஃப்எல்எச்டி, எஃப்எல்எச்சி என்னும் இரட்டைத் தலைமை மரபணுக்கள் இயங்குகின்றன. அவற்றின் ஆணையில் இரண்டாம் நிலை மரபணுக்கள் வாலின் அடிப்பகுதியையும், 55 நானோமீட்டர் நீளமுள்ள வளைந்த கொக்கியையும் கட்டுகின்றன. வாலின் நீண்ட இழைக்கு வேண்டிய ஃபிளாஜெல்லின் என்னும் புரதத்தைச் செய்யும் மரபணு மூன்றாம் நிலையில் காத்திருக்கிறது. அதை எழுப்பவேண்டிய சிக்மா காரணி முன்கூட்டியே உருவாகிவிட்டாலும், எஃப்எல்ஜிஎம் என்னும் காவல் புரதம் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். கொக்கி முழுமையடைந்ததும், வாலின் நடுவேயுள்ள குழாய் வழியாக அந்தக் காவல் புரதம் செல்லுக்கு வெளியே தள்ளப்படுகிறது. விடுபட்ட சிக்மா காரணி மூன்றாம் நிலையைத் தொடங்கி வைக்கிறது. அதன்பின் ஏறத்தாழ 20,000 ஃபிளாஜெல்லின் மூலக்கூறுகள் அதே குழாய் வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, வாலின் நுனியில் அடுக்கப்படுகின்றன. கட்டுமானம் முடிந்த செய்தியை மரபணுவுக்குத் தெரிவிக்கக் கட்டுமானத்தின் ஓட்டையையே பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டைவிடச் சிக்கனமான ஒன்றை நான் உயிரியலில் அதிகம் கண்டதில்லை.

இனி இரண்டாம் பாதி. ஷிகெல்லாவிடம் வால் மரபணுக்கள் இல்லாமல் இல்லை, பழுதுபட்டுக் கிடக்கின்றன. ஈ கோலையின் வெவ்வேறு கிளைகளிலிருந்து பலமுறை தனித்தனியே தோன்றியவையே ஷிகெல்லாக்கள் என்பதால், பழுதும் ஒரே இடத்தில் இல்லை. சிலவற்றில் தலைமை மரபணுவே சிதைந்திருக்கிறது; சிலவற்றில் அடிப்பகுதியைக் கட்டும் மரபணுக்களில் துண்டுகள் விழுந்துபோயிருக்கின்றன. குடற்சுவரின் செல்லுக்குள்ளேயே குடியேறிவிட்ட கிருமிக்கு வால் சுமையாகிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் உங்கள் குழாயில் அசையாமல் நின்ற அதே கிருமி, மனிதச் செல்லுக்குள் நகரத்தான் செய்கிறது. அதன் பெரிய பிளாஸ்மிட்டில் (முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே தனித்திருக்கும் டிஎன்ஏவில்) உள்ள ஐசிஎஸ்-ஏ என்னும் மரபணு ஒரு புரதத்தைக் கிருமியின் ஒரு முனையில் நிறுத்துகிறது. அப்புரதம் நம் செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் என்னும் புரத இழைகளைக் கிருமியின் பின்னால் வளரச் செய்ய, அவற்றின் தள்ளுவிசையில் கிருமி அடுத்த செல்லுக்குள் புகுகிறது. ஆகவே தேர்வுத்தாளில் "நகராதது" என்று எழுதுங்கள். மனத்தில் "நீந்தாதது" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையும் கண்ணும் இல்லாத கிருமிக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எப்படித் தெரிகிறது?
– வாசகர், தோ பாயோ

தெரியாது, ஆனாலும் போய்ச் சேர்ந்துவிடும். ஈ கோலையின் வால்கள் இடஞ்சுழியாகச் சுழலும்போது ஒன்றாகத் திரண்டு கிருமியை ஏறக்குறைய ஒரு நொடி நேராகச் செலுத்துகின்றன. சில வால்கள் வலஞ்சுழியாக மாறினால் கட்டு பிரிந்து, கிருமி பத்தில் ஒரு நொடி புரண்டு, ஏதோ ஒரு புதிய திசையில் மீண்டும் புறப்படுகிறது. உணவுப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது புரள்வதைத் தள்ளிப்போடுவது ஒன்றே அது செய்யும் தந்திரம். இதை ஆளும் மரபணுக்களுக்குச் 'சீ' வரிசை என்று பெயர். அவற்றில் 'சீ-ஒய்' பழுதானால் கிருமி புரளவே புரளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். 'சீ-இசட்' பழுதானால் ஓடாமல் புரண்டுகொண்டே இருக்கும். இரண்டுமே நீந்தத் தெரிந்தும் எங்கும் போய்ச் சேராதவை.

ஊருக்குப் போய்வந்த என் அம்மாவுக்கு அங்கேயே காய்ச்சல் வந்து 'வைடால்' பரிசோதனை செய்தார்கள். அறிக்கையில் 'டிஓ', 'டிஎச்' என்று இரண்டு வரிகள். இரண்டிலும் 1:160 போன்ற எண்கள். 'டி' என்பது டைஃபாய்டு என்று புரிகிறது. 'ஓ', 'எச்' என்பவை என்ன? அவற்றுக்கும் கிருமியின் நகர்வுக்கும் தொடர்பு உண்டு என்கிறார் என் மகள்.
– வாசகி, தெம்பனிஸ்

மகள் சொல்வது சரி. குளிர்ந்த கண்ணாடியில் வாயால் ஊதினால் ஒரு பனிப்படலம் படர்கிறதே, அந்த மூச்சுப்படலத்தை ஜெர்மன் மொழியில் 'ஹௌஹ்' என்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் புரோட்டியஸ் என்னும் கிருமியை ஆராய்ந்த வைல், ஃபெலிக்ஸ் ஆகிய இருவரும், வாலுள்ள கிருமிகள் தட்டின் மேல் அத்தகைய படலமாகப் படர்வதையும் வாலில்லாதவை திட்டுத்திட்டாக நிற்பதையும் கண்டு, முன்னதை 'ஹௌஹ்' என்றும், பின்னதை 'ஹௌஹ் இல்லாதது' என்னும் பொருளில் 'ஓன ஹௌஹ்' என்றும் குறித்தார்கள். அந்தச் சொற்களின் முதலெழுத்துகளே எச், ஓ. உங்கள் அம்மாவின் அறிக்கையில் 'டிஎச்' என்ற வரி டைஃபாய்டுக் கிருமியின் வாலுக்கு எதிராகவும், 'டிஓ' என்ற வரி அதன் உடலுறைக்கு எதிராகவும் அவருடைய இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள்களை அளக்கின்றன. ஈ கோலை ஓ157:எச்7 என்று செய்தித்தாள்களில் வரும் பெயரிலும் 'எச்7' என்பது ஏழாம் வகை வால்தான்.

வாலைக் குறிவைத்து உடல் எதிர்ப்பொருள் செய்கிறது என்றால், கிருமி சும்மா இருக்குமா? டைஃபாய்டுக் கிருமியின் உறவினர்களான பல சால்மொனெல்லாக்களிடம் ஃபிளாஜெல்லினுக்கு ஒன்றல்ல, இரண்டு மரபணுக்கள் உண்டு. இவற்றில் எது இயங்கவேண்டும் என்பதை ஏறத்தாழ 1,000 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு தீர்மானிக்கிறது. அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்கும் 'ஹின்' என்னும் மரபணு, எப்போதாவது ஒருமுறை அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும் நொதியைச் செய்கிறது. துண்டு ஒரு பக்கம் பார்த்திருந்தால் இரண்டாவது வால் மரபணு இயங்கி, கூடவே முதலாவதை ஒடுக்கும் புரதமும் உருவாகும். மறுபக்கம் திரும்பினால் இரண்டும் நின்றுபோய் முதலாவது இயங்கும். ஒரே கிருமி இரண்டு வகை வால்களைக் காட்டுவதை ஆண்ட்ரூஸ் என்பவர் 1922-இலேயே கண்டுவிட்டார். காரணம் இந்தத் துண்டின் புரளல் என்று நிறுவ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

டைஃபாய்டுக் கிருமி இந்த வித்தையைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. அதற்குப் பொதுவாக 'டி' வகை வால் ஒன்றே உண்டு. நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் மட்டும் விதிவிலக்குகள் தென்படுகின்றன. அங்குச் சில கிருமிகளில் ஃபிளாஜெல்லின் மரபணுவின் நடுவே 261 எழுத்துகள் விழுந்துபோய் 'ஜே' வகை வால் உருவாகியிருக்கிறது. வேறு சில, வழக்கமான வட்ட வடிவில் அல்லாமல் நீள்கோடாக இருக்கும் ஒரு பிளாஸ்மிட்டிலிருந்து 'இசட்66' என்னும் மற்றொரு வாலைப் பெற்றிருக்கின்றன. இவற்றைவிட முக்கியமானது டைஃபாய்டுக் கிருமி வாலை மறைக்கும் முறை. குடலைக் கடந்து திசுவுக்குள் நுழைந்ததும் 'டிவிஐ-ஏ' என்னும் மரபணு விழித்து, மேலே நான் சொன்ன தலைமை மரபணுக்களை அடக்கி ஃபிளாஜெல்லின் உற்பத்தியைக் குறைக்கிறது. நம் செல்களில் ஃபிளாஜெல்லினைக் கண்டதும் எச்சரிக்கை எழுப்பும் டிஎல்ஆர்5 என்னும் உணர்வி உண்டு. வாலைக் குறைத்துக்கொண்ட கிருமி அதன் கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது.

அம்மாவின் அறிக்கையைப் பற்றி ஒரு சொல்: பழைய தொற்றினாலும் 'டிஎச்' எண் நெடுங்காலம் உயர்ந்தே இருக்கக்கூடும். ஒரேயொரு வைடால் முடிவை வைத்து டைஃபாய்டு என்று முடிவுகட்டுவது சரியல்ல. இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையே நம்பத்தக்கது. காய்ச்சல் தொடர்ந்தால் அந்த அறிக்கையோடு இங்குள்ள மருத்துவரைப் பாருங்கள்.

என் மருமகள் கருவுற்றிருக்கிறாள். குளிர்பதனப் பெட்டியில் வைத்த உணவில் 'லிஸ்டீரியா' இருக்கலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். அது குளிரில் நீந்தும், உடம்புக்குள் நீந்தாது என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படியென்றால் உடம்புக்குள் போனபின் ஆபத்தில்லையா?
– வாசகி, அங் மோ கியோ

படித்தது உண்மை, அதிலிருந்து நீங்கள் பெற்ற ஆறுதல்தான் தவறு, அம்மா. லிஸ்டீரியா ஏறத்தாழ 30 டிகிரிக்குக் கீழே வால்களோடு நீந்தும். 37 டிகிரியில், அதாவது நம் உடல் வெப்பத்தில், மாக்-ஆர் என்னும் ஒடுக்கிப் புரதம் வால் மரபணுக்களின் மேல் அமர்ந்து அவற்றை நிறுத்திவிடும். குளிரில் ஜிமா-ஆர் என்னும் இன்னொரு புரதம் அந்த ஒடுக்கியைப் பிடித்துவைத்திருக்கிறது. வெப்பம் ஏறினால் அதன் வடிவம் குலைந்து பிடி நழுவுகிறது. ஒரு புரதமே வெப்பமானியாக வேலை செய்கிறது என்று சொல்லலாம்.

அதே 37 டிகிரியில் இன்னொரு வெப்பமானியும் வேலை செய்கிறது. நோயுண்டாக்கும் மரபணுக்களின் தலைவனான பிஆர்எஃப்-ஏ-வின் ஆர்என்ஏ (புரதம் செய்ய எடுக்கப்படும் மரபணு நகல்), குளிரில் தன்மேலேயே மடிந்து பூட்டிக் கிடக்கும். உடல் வெப்பத்தில் அந்த மடிப்பு அவிழ்ந்து புரதம் உருவாகும். அதன் ஆணைக்கு உட்பட்டவற்றுள் ஒன்று ஆக்ட்-ஏ. ஷிகெல்லாவின் ஐசிஎஸ்-ஏ செய்யும் வேலையை லிஸ்டீரியாவில் இது செய்கிறது: நம் செல்லின் ஆக்டினை வால்நட்சத்திரத்தின் வால்போலப் பின்னால் வளர்த்து, செல்லிலிருந்து செல்லுக்கு, இரத்தத்தில் உலவும் எதிர்ப்பொருள்களின் கண்ணில் படாமலேயே தாவுகிறது. நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை எட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. 4 டிகிரியிலும் அது மெல்ல வளரும் என்பதால், மிச்ச உணவை மருமகளுக்குக் கொடுக்குமுன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டியைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

2015-இல் கஞ்சியோடு உண்ணும் பச்சை மீனால் பலருக்குத் தொற்று ஏற்பட்டதே, அந்தக் கிருமி மீனிலிருந்து நீந்தி வந்ததா?
– வாசகர், பிடோக்

இல்லை. அது பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதற்கு வால் கிடையாது. மீனோடு வாய்க்குள் போயிற்று, அவ்வளவே. உணவங்காடிகளில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பது அவ்வாண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. நோயுண்டாக்குவதற்கு நீந்தத் தெரிந்திருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கள் புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் வேலை செய்கிறேன், நீரிழிவு உண்டு. மழைக்குப் பிறகு மண்ணில் 'மெலியாய்டோசிஸ்' கிருமி இருக்கும், கையுறை போடுங்கள் என்கிறார்கள். அது நீந்தித் தோலுக்குள் புகுந்துவிடுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

நலமான தோலைத் துளைத்துக்கொண்டு புகாது. காலில் உள்ள வெடிப்பு, கையில் உள்ள கீறல், மழைக்காற்றோடு மூச்சில் போகும் நீர்த்திவலை, அசுத்தமான நீர் ஆகியவையே அதன் வழிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் கடுமையாக வரக்கூடும் என்பதால், கையுறையோடு முழுக் காலணியும் அணியுங்கள்.

பர்க்ஹோல்டீரியா சூடோமேலி என்னும் இக்கிருமியை 1912-இல் ரங்கூனில் விவரித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். நோயைப் பற்றிப் பேசும்போது முதலாமவரின் பெயரையே பலரும் சொல்கிறார்கள்; இரண்டாமவரையும் சேர்த்துச் சொல்வது நியாயம். அக்காலத்தில் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியோடு இதைக் குழப்பிக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்தது. பிரித்துக் காட்டிய அடையாளங்களில் ஒன்று, இது நன்றாக நீந்தும், குதிரைக் கிருமி நீந்தாது என்பது.

அந்த வேறுபாட்டின் பின்னணி 2004-இல் இரண்டின் மரபணுத் தொகுதிகளும் படித்து முடிக்கப்பட்டபோது தெளிவாயிற்று. மண் கிருமியிடம் ஏறத்தாழ 72 லட்சம் எழுத்துகள். குதிரைக் கிருமியிடம் 58 லட்சம். மண்ணிலிருந்து விலங்கின் உடலுக்குக் குடிபெயர்ந்த ஒரு கிளை, இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகளின் கைவரிசையால் தனக்கு இனி வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக இழந்து குதிரைக் கிருமியாகியிருக்கிறது. நீந்தும் திறனும் அப்படிப் போனதே. ஆனால் ஆக்டினைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நகரவைக்கும் பிம்-ஏ மரபணுவை இரண்டுமே வைத்திருக்கின்றன. மண்ணில் அலைய வால் தேவை, உடலுக்குள் அலைய பிம்-ஏ தேவை என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வருகிறது.

கணக்குச் சற்று இடிக்கும் இடமும் உண்டு. ஃபிளாஜெல்லின் மரபணுவை முடக்கிய மண் கிருமியை வெள்ளெலிகளுக்கும் நீரிழிவுள்ள எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்த 1997-ஆம் ஆண்டு ஆய்வில், நோயின் கடுமை குறையவில்லை. 2003-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் மூக்கு வழியே கொடுத்துப் பார்த்தபோது, வாலிழந்த கிருமி பலவீனமாகிவிட்டது. எந்த விலங்கு, எந்த வழி என்பதைப் பொறுத்து ஒரே மரபணு இன்றியமையாததாகவும் இருக்கும், இருந்தும் இல்லாததாகவும் இருக்கும். ஒற்றை ஆய்வை வைத்து "வால்தான் ஆபத்து" என்று எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கிருமியின் வாலை முடக்கிவிட்டால் நோய் போய்விடாதா? அப்படி ஒரு மருந்தை ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை?
– வாசகர், ஜூரோங்

வாலை முடக்கும் பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் உண்டு. காலராக் கிருமியின் ஒற்றை வாலைச் சுழற்றுவது புரோட்டான் அல்ல, சோடியம். சிறுநீர் பெருக்கும் மருந்தான அமிலோரைடும் அதன் உறவான ஃபெனமிலும் அத்தகைய சோடிய மோட்டார்களை நிறுத்தவல்லவை. வாலை நம்பியே வாழும் கிருமிகளும் உண்டு: இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர், அமிலத்திலிருந்து தப்பிச் சளிப்படலத்துக்குள் நீந்திச் சேரவேண்டும். வால் மரபணு பழுதானவை பன்றிக்குட்டிகளின் வயிற்றில் நிலைக்கவில்லை.

இடர்ப்பாடு நேரத்தில் இருக்கிறது. வால் பெரும்பாலும் பயணத்தின் தொடக்கத்தில் பயன்படுவது. வங்காளதேசத்து நோயாளிகளின் கழிவிலிருந்து எடுத்த காலராக் கிருமிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், நான் மேலே சொன்ன 'சீ' வரிசை மரபணுக்கள் அடங்கியிருந்தன. அந்த நிலையில்தான் அவை அடுத்தவரைத் தொற்றும் ஆற்றல் மிகுந்தவையாகவும் இருந்தன. நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் கிருமி போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, திசை தேடும் மரபணுக்களை அடக்கியும் விட்டது. அப்போது மோட்டாரை நிறுத்தி ஆவதென்ன? காலரா நோயாளிக்கு இன்றும் முதலில் கொடுப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான்.